எல்லையோரத்தில் வைசாகி: சித்திரைக்கனி நாளில் பஞ்சாபியரோடு பந்தி போடும் முறை

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையாறு வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் சித்திரை முதல் நாள் ஏற்கெனவே இரண்டு கொண்டாட்டங்களைத் தாங்கி வருகிறது. விடியலில் நாம் சித்திரைக்கனி காண்கிறோம், வேலிக்கு அப்பால் மலையாள வீட்டார் விஷுக்கனி காண்கிறார்கள், வெள்ளரியும் கொன்றைப்பூவும் நாணயமும் கண்ணாடியும் இரு வீட்டுத் தட்டிலும் இருக்கின்றன. சூரியன் மேஷ ராசியில் நுழையும் அதே கணக்கை வைத்துப் பஞ்சாபியர் கொண்டாடுவது வைசாகி. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையிலும், அங்குள்ள ஐ.ஐ.டி. விடுதியிலும், தேசிய நெடுஞ்சாலை 544இன் ஓரத்துத் தாபாக்களிலும், வாளையாற்றைக் கடந்து போகும் லாரிகளிலும் அந்த நாளை வீட்டைவிட்டு வெகுதொலைவில் கழிக்கும் பஞ்சாபியர் உண்டு. அவர்களை அழைத்து, அவர்கள் முறை பிசகாமல், நம் ஊர் அடுப்பிலும் நம் ஊர்ப் பாத்திரத்திலும் இந்த விழாவை ஐம்பது பேர் அளவில் எப்படி நடத்தலாம் என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முதலில் தேதி. வைசாகி ஏப்ரல் 13 அல்லது 14இல் வரும். நாமும் மலையாளிகளும் கனி காணும் நாளோடு அது ஒத்துப் போகும் ஆண்டுகளும் உண்டு, ஒரு நாள் முன்பின்னாக வரும் ஆண்டுகளும் உண்டு. ஆகவே நம் பஞ்சாங்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், வரப்போகிறவர்களிடமோ, கோவையிலோ கொச்சித் தேவரையிலோ உள்ள குருத்வாரா எனும் சீக்கியர் வழிபாட்டிடத்திலோ கேட்டு முடிவு செய்வதே சரி. இரண்டும் ஒரே நாளில் விழுந்தால் விடியற்காலையைக் கனிக்கும், பெரியவர்கள் காசு கொடுக்கும் கைநீட்டத்துக்கும் விட்டுவிட்டு, முற்பகல் பதினொரு மணிக்கு மேல் வைசாகியை வைத்துக்கொள்ளலாம். விஷு சத்யைக்கு இலை போடும் வீட்டார் மட்டும் அன்று நண்பகலில் வர முடியாது; அவர்களை மாலை ஆட்டத்துக்கு அழைத்தால் போதும்.

அடுத்தது, யாரை அழைக்கிறோம் என்ற தெளிவு. வடக்கிலிருந்து வந்தவர் எல்லோரும் பஞ்சாபியர் அல்லர். கஞ்சிக்கோட்டில் வேலை செய்யும் அசாமியருக்கு அதே நாள்களில் ரொங்காலி பிஹு, வங்காளியருக்குப் புத்தாண்டு. பஞ்சாபியரிலும் எல்லோரும் சீக்கியர் அல்லர். பஞ்சாபி இந்துக்களும் வைசாகியை ஆற்று நீராடலோடும் சந்தையோடும் கொண்டாடுகிறார்கள். அழைக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டால், அன்று வழிபாடு எவ்வளவு, விருந்தும் ஆட்டமும் எவ்வளவு என்பது தானாகப் புலப்பட்டுவிடும்.

அந்த நாளில் இருக்கும் இரண்டு விஷயங்கள்

பஞ்சாபில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த கோதுமை சித்திரை பிறக்கும்போது அறுப்புக்கு வருகிறது. நம் பக்கத்துக் கணக்கு வேறு: முண்டகன் நெல் தை, மாசியிலேயே களம் சேர்ந்துவிடுகிறது, சித்திரையில் பாலக்காட்டு வயல் வெடித்துக் கிடக்கிறது, விஷுவை ஒட்டி ஏர் பூட்டிச் சால் போடுவது அடுத்த பட்டத்துக்கான தொடக்கம். அவர்கள் அரிவாள் எடுக்கும் நாளில் நாம் கலப்பையை எடுக்கிறோம். அறுவடை விழா என்று பெயர் கேட்டு, காய்ந்த வைக்கோலையும் எங்கிருந்தோ வாங்கிய நெற்கதிரையும் மேடையில் கட்டுவது பொருந்தாத அலங்காரமாகவே முடியும். வாசலில் ஒரு கலப்பையைச் சாத்தி வைத்தால் இரு ஊரின் உழவும் ஒரே இடத்தில் நிற்கும்.

சீக்கியருக்கு இந்த நாள் அறுவடையைவிடப் பெரியது. 1699ஆம் ஆண்டு வைசாகியன்று ஆனந்த்பூர் சாஹிபில் பத்தாம் குருவான குரு கோபிந்த் சிங், அமிர்தம் குடித்துத் தீட்சை பெறும் சீக்கியரின் அணியான கால்சாவை நிறுவினார். தலை கொடுக்க யார் முன்வருவீர்கள் என்று வாளோடு கூட்டத்தைக் கேட்டபோது ஒருவர் பின் ஒருவராக எழுந்த ஐவரே பஞ்ச் பியாரே எனப்படும் ஐந்து அன்பர்கள். தயா சிங் லாகூர்க்காரர், தரம் சிங் அஸ்தினாபுரத்தவர், ஹிம்மத் சிங் பூரி ஜகந்நாதத்திலிருந்தும் மோகம் சிங் துவாரகையிலிருந்தும் வந்தவர்கள், சாஹிப் சிங் கர்நாடகத்து பீதரைச் சேர்ந்தவர் என்பது மரபு. ஐவரும் வெவ்வேறு சாதியினர். ஒரே இரும்புக் கிண்ணத்தில் இருமுனை வாளால் கலக்கிய அமிர்தத்தைக் குடித்தார்கள், பிறகு குருவே அந்த ஐவரிடம் அமிர்தம் கேட்டு வாங்கிக் குடித்தார். ஐம்பது பேருக்குச் சோறு போடும் விழாவுக்கு இந்த வரலாறு எதற்கு என்று தோன்றலாம். பந்தியை எப்படி அமைப்பது என்ற கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

நாம் செய்யலாகாதவை

பொதுவாக நம் ஊர் விழா எதுவானாலும் குத்துவிளக்கேற்றித் தொடங்குவோம், படத்துக்கு மாலை போடுவோம், கற்பூரம் காட்டுவோம். சீக்கிய நெறியில் உருவ வழிபாடு இல்லை. ஆகவே குரு நானக்கின் படத்தை மேசைமேல் வைத்துக் கற்பூர ஆரத்தி எடுப்பது, நல்ல எண்ணத்தோடு செய்தாலும், விருந்தினரைச் சங்கடப்படுத்தும். அதேபோல் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாஹிபை மண்டபத்துக்கு எழுந்தருளச் செய்யும் ஆசையை நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1430 பக்கம் கொண்ட அந்த நூல் அவர்களுக்கு உயிருள்ள குரு. அதற்கு உயர்ந்த ஆசனம், மேலே விதானம், சாமரம் வீச ஒருவர், இரவில் ஓய்வுகொள்ளத் தனி இடம் என்று பல ஒழுங்குகள் உள்ளன. அவற்றைக் காக்கத் தெரிந்தவர் குருத்வாராவிலிருந்து வந்து பொறுப்பேற்றாலன்றி அந்த முயற்சி வேண்டாம். நூல் இல்லாமலே சபத் கீர்த்தனை எனும் பக்திப் பாடல்களைப் பாடலாம், எல்லோரும் எழுந்து நின்று கைகூப்ப அவர்களில் ஒருவர் அர்தாஸ் எனும் பொது வேண்டுதலைச் சொல்லலாம். வீட்டு அளவிலான வைசாகிக்கு அது நிறைவாகவே இருக்கும்.

தலையை மூடும் வழக்கத்தில் நம்மவர் கொஞ்சம் தடுமாறக்கூடும். பெரியவர்முன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டுவதை மரியாதை என்று நம் பாட்டன்மார் பழகியிருந்தார்கள், பழக்கப்படுத்தவும் பட்டார்கள். சீக்கியர் முறையில் தலை மூடியிருப்பதே மரியாதை, அதுவும் ஆண், பெண், முதலாளி, கூலி என்ற வேறுபாடு இல்லாமல். வழிபாட்டு நேரத்தில் ஆண்கள் ஒரு தோர்த்துத் துண்டையோ பெரிய கைக்குட்டையையோ கட்டிக்கொள்ளலாம், பெண்கள் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், தொப்பி பொருந்தாது. மாறுவேடப் போட்டியில் போடுவதுபோல் பிள்ளைகளுக்கு ஒட்டுத் தாடி வைத்துத் தலைப்பாகை கட்டி அழைத்து வருவதைத் தவிர்ப்பது நல்லது. அமிர்தம் எடுத்த சீக்கியர் தரிக்கும் கிர்பான் எனும் குறுவாளைத் தொட்டுப் பார்ப்பதும், கழற்றி வைக்கச் சொல்வதும் கூடாது. சர்தார்ஜி நகைச்சுவைத் துணுக்குகளை வாட்ஸ்அப்பில் வைத்திருப்பவர்கள் அன்றைக்கு அவற்றை மறந்தே விடலாம். புகையிலை, மது, பான்பராக் மூன்றுக்கும் அந்த வளாகத்தில் இடமில்லை என்பதை முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். அன்று வந்து சொன்னால் மனத்தாங்கல்தான் வரும்.

இடமும் அடுப்பும்

கேரளத்தில் ஏப்ரல், மே பள்ளி விடுமுறை என்பதால், மதிய உணவுக் கூடமும் பெரிய பாத்திரங்களும் உள்ள பள்ளிக்கூடம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. அனுமதியை மார்ச் முடிவதற்குள் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் தென்னந்தோப்பு நல்லது. பாலக்காட்டுக் கணவாயில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் ரொட்டி சுடச் சொல்வது பாவம்.

சமையல் முழுக்க சைவம், முட்டையும் கிடையாது. இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஐம்பது பேருக்கு நூற்றைம்பது ரொட்டி வேண்டும், வீட்டுத் தோசைக்கல்லில் அது நடவாது. பரோட்டாக் கடைக் கல் ஒன்று கிடைத்தால் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு ரொட்டி போடலாம். ஆனால் அந்தக் கல்லில் முட்டையும் இறைச்சியும் புரண்டிருக்கும். செங்கல் தூளும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெறுங்கல்லாகக் காயவிட்டு முகர்ந்து பார்த்தால் பழைய வாசம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இருந்தால் வாடகைப் பாத்திரக் கடையில் சுத்தமான கல்லை எடுப்பதே மேல்.

ரொட்டிக்கு ஆறு கிலோ கோதுமை மாவு போதும். உப்பும் எண்ணெயும் சேர்க்காமல் தளர்வாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரைமணி நேரம் வைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். சுட்டதும் நெய் தடவித் துணி விரித்த கூடையில் அடுக்கினால் பந்தி முடியும்வரை மிருதுவாக இருக்கும்.

பருப்புக்குத் தோல் நீக்காத முழுக் கறுப்பு உளுந்து இரண்டு கிலோ, கடலைப்பருப்பு அரைக் கிலோ என்ற கணக்கில் எடுத்து முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும். காலையில் இஞ்சி, மஞ்சள், உப்பு சேர்த்துச் சிறு தீயில் மூன்று மணி நேரமாவது வேகட்டும். உளுந்து உடைந்து குழம்பு தானே கெட்டியாக வேண்டும், மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கக் கூடாது. வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், சீரகம் நெய்யில் வதக்கிக் கொட்டி, கடைசியில் கொஞ்சம் கரம் மசாலா. தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் கை தானாகத் தேடும். இந்த ஒரு அண்டாவுக்கு மட்டும் கையைக் கட்டுப்படுத்திக்கொள்ளலாம், ஏனென்றால் நம் கைமணத்துக்கு மோர் இருக்கிறது. உப்பு லஸ்ஸிக்குப் பதில் இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்ட சம்பாரம் ஒரு பானை வைத்தால், அந்த வெயிலில் விருந்தினர் அதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கடுகுக்கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும் பஞ்சாபின் குளிர்கால உணவு. வைசாகிக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இனிப்புக்கு மஞ்சள் சோறு. இரண்டு கிலோ பாஸ்மதியை மஞ்சள்தூள், கிராம்பு, ஏலக்காய் போட்ட கொதிநீரில் ஏறக்குறைய முழுப் பதத்துக்கு வேகவிட்டு வடித்து, அதன்பிறகே ஒன்றரைக் கிலோ சர்க்கரையும் நெய்யில் வறுத்த திராட்சையும் சேர்த்து மிகச் சிறு தீயில் மூடி வைக்க வேண்டும். அரிசி வேகுமுன் சர்க்கரையைப் போட்டால் பருக்கை விறைத்துப் போகும், அதற்குமேல் எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது. நம் பாலக்காட்டு மட்டை அரிசி இதற்கு ஆகாது.

கடா பிரசாதம்

வழிபாட்டில் வழங்கும் இந்தக் கோதுமை அல்வாவை அவர்களில் ஒருவர் கிண்டுவதே முறை. நாம் கரண்டி பிடித்து உதவலாம். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம எடை. ஐம்பது பேருக்கு ஒவ்வொன்றும் அரைக் கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர். மாவு கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் சிறப்பு, எனவே பாக்கெட் மாவைவிட மில்லில் கொடுத்து அரைத்த மாவு நல்லது. குளித்து, தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்பருகே போக வேண்டும். வாஹேகுரு என்று இறைவனின் பெயரையோ ஜப்ஜி சாஹிப் எனும் வழிபாட்டுப் பாடலையோ சொல்லிக்கொண்டே கிண்டுவார்கள், ருசி பார்க்க மாட்டார்கள்.

இரும்புச் சட்டியில் நெய்யை உருக்கி மாவைக் கொட்டியதும் அது முதலில் களிபோல் திரண்டு கரண்டியை இழுக்கும். சிறு தீயில் கைவிடாமல் கிளறக் கிளற மாவு இளகி, மணல் ஈரமாவதுபோல் மினுமினுத்து, ஓரங்களில் நெய் கசியத் தொடங்கும். நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கும், அதிலிருந்து பழுப்புக்கும் போக இருபது நிமிடமாவது ஆகும். பச்சை மாவு வாசம் போய் வறுத்த வாசம் எழுவதுதான் பதம். பக்கத்து அடுப்பில் சர்க்கரை கரைந்து கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரை அப்போது மெல்லச் சரிக்க வேண்டும். சட்டி சீறிப் பொங்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நீளக் கரண்டியால் கிளற வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் முழுதும் உள்வாங்கி, பண்டம் சட்டியில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகச் சுழலும்போது இறக்கிவிடலாம். முந்திரியும் ஏலக்காயும் தூவும் ஆசை வேண்டாம். இது நம் கேசரி அல்ல.

அர்தாஸ் முடிந்ததும் கிர்பானால் பிரசாதத்தைத் தொட்டு, முதலில் ஐந்து அன்பர்களின் பெயரால் ஐந்து பங்கு எடுத்து வழங்கியபிறகே மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். இரு கைகளையும் குவித்து வாங்கிக்கொள்ள வேண்டும். நெய் உள்ளங்கையில் வழியும். அதை அங்கேயே துணியில் துடைக்காமல் கைகளில் தேய்த்துக்கொள்பவர்களைப் பார்த்து நாமும் அப்படியே செய்யலாம்.

பந்தி

லங்கர் எனப்படும் பொதுப் பந்திதான் இந்த விழாவின் நடு. தரையில் பந்திப்பாய் விரித்து எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். நாற்காலி, சிறப்பு விருந்தினர் மேசை, கட்சிக்காரர்களுக்குத் தனி அறை எதுவும் கிடையாது. முழங்கால் முடியாத முதியவருக்கு மட்டும் ஓரமாக ஒரு பெஞ்சு போடலாம். மூன்றாம் குருவான குரு அமர்தாசைப் பார்க்க வந்த அக்பரும் முதலில் பந்தியில் உட்கார்ந்து உண்டபிறகே அவரைச் சந்தித்தார் என்பது சீக்கியர் மரபு. நம் பக்கத்தில் யார் எந்த வரிசையில் உட்காருவது, யார் கையால் தண்ணீர் வாங்குவது என்ற கணக்கு இன்னும் முழுதாக ஒழியவில்லை என்பதை எல்லோரும் அறிவோம். ஊர்ப் பெரியவர்களை அழைக்கும்போதே, "ஐயா, பந்தி தரையில்தான், வந்த வரிசையில்தான்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் அன்று யாரையும் எழுப்பி மாற்றி உட்கார வைக்கும் தொல்லை இராது.

பரிமாறுகிறவர்கள் வரிசையாக வந்து "பர்ஷாதா ஜீ" என்றால் ரொட்டி, "தாலா ஜீ" என்றால் பருப்பு. ரொட்டியைத் தட்டில் போடச் சொல்லாமல் இரு கைகளையும் ஏந்தி வாங்க வேண்டும். கேட்டு வாங்கியதை மிச்சம் வைக்கக் கூடாது. பரிமாறும் வேலையை விருந்தினரிடமும் நம்மவரிடமும் கலந்து கொடுப்பது நல்லது. லாரி ஓட்டிக் களைத்து வந்தவரை உட்கார வைத்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும், ஆனால் அன்றைக்குச் சேவை செய்யத்தான் அவர் வந்திருப்பார். இதற்குக் கட்டணச் சீட்டு அச்சடிக்கக் கூடாது. அரிசி, நெய், சர்க்கரை, விறகு என்று பொருளாக வாங்கிக்கொள்ளலாம். கொடுத்தவர் முகங்களைப் போட்டு பிளெக்ஸ் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பந்தி தொடங்குமுன் பிள்ளைகளுக்காக ஐந்து நிமிடம் ஒதுக்கினால், இந்த நாளோடு நம் மண்ணுக்கு உள்ள உறவைச் சொல்லலாம். 1919 ஏப்ரல் 13, வைசாகியன்றுதான் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் பிரிட்டிஷ் தளபதி டயரின் படை 1650 தோட்டாக்களைச் சுட்டது. அரசுக் கணக்கிலேயே 379 பேர் இறந்தார்கள். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அன்று இருந்த ஒரே இந்தியரும், பஞ்சாபின் கொடுமையைக் கண்டித்து அந்தப் பதவியைத் துறந்தவருமான சேத்தூர் சங்கரன் நாயர், பாலக்காட்டுக்கும் ஒற்றப்பாலத்துக்கும் இடையிலுள்ள மங்கரையில் பிறந்தவர். ஐந்தாண்டு கழித்து, 1924இல் வைக்கம் சத்தியாகிரகம் நடந்தபோது பஞ்சாபிலிருந்து அகாலிகள் எனும் சீக்கிய இயக்கத்தார் வந்து போராட்டக்காரர்களுக்கு இலவசச் சமையற்கூடம் திறந்தார்கள். வெளியார் உதவி வேண்டாம் என்று காந்தி கருதியதால் அது பின்னர் மூடப்பட்டது. பெரியாரின் பெயரோடு வைக்கத்தைப் படிக்கும் நம் பிள்ளைகள், அந்த அடுப்பைப் பற்றிக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

மாலை

ஆட்டத்தை வெயில் தாழ்ந்தபின், வழிபாடு நடந்த இடத்திலிருந்து தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சாபியர் ஆட்டமான பாங்க்ராவின் அடவுகள் பல விதைப்பையும் அறுப்பையும் ஒட்டியவை. தோளும் முழங்காலும் சேர்ந்து துள்ளும் அடிப்படை அடவை யாரும் அரைமணி நேரத்தில் பிடித்துவிடலாம். டோல் கிடைப்பது கடினம். ஒரு பக்கம் வளைந்த தடித்த குச்சியாலும் மறுபக்கம் மெல்லிய பிரம்பாலும் அடிக்கும் அந்த முழவின் நடையை, நம் ஊர்த் தவில்காரர் ஒருவர் கேட்ட மாத்திரத்தில் ஏறக்குறைய வாசித்துவிடுவார். பதிவு செய்த பாட்டைவிட அது உயிரோடு இருக்கும். ஒலிபெருக்கி வைப்பதானால் காவல் நிலைய அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

பாத்திரம் கழுவுவதும் சேவையின் பகுதியே. அதைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆண்கள் ஆடப் போவது அழகல்ல. மிஞ்சிய பருப்பு அந்த வெப்பத்தில் நான்கு மணிக்கு மேல் புளிக்கத் தொடங்கும், ஆகவே மூன்று மணிக்குள் ரொட்டியோடு பொட்டலம் கட்டி நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் லாரிகளுக்கும் மருத்துவமனை வாசலுக்கும் அனுப்பிவிட வேண்டும். பிசைந்த மாவு மிஞ்சினால் சுடாமல் வைக்காதீர்கள், சுட்டுவிட்டால் மறுநாள் காலை வரை தாங்கும். கடா பிரசாதத்தை மட்டும் வர முடியாதவர்களின் வீட்டுக்குச் சிறு வாழையிலையில் மடித்துக் கொடுத்தனுப்பலாம், அன்றிரவுக்குள் சாப்பிட்டுவிடச் சொல்லி.